இந்தியில்தானே எழுதியிருக்கு!

திருவாரூர் மாவட்டத்தில் மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரம் என்று ஒரு சின்ன ஊர். 2021 ஜனவரியில் கமலா ஹாரிஸ் அமெரிக்கத் துணை அதிபராகப் பதவியேற்றபோது அந்த ஊரில் வெடி வெடித்தார்கள், இனிப்பு கொடுத்தார்கள். கமலா பிறந்தது கலிபோர்னியாவில். அவருடைய அம்மாவின் அப்பாதான் துளசேந்திரபுரத்துக்காரர். அவரும் உத்தியோகம் தேடி எப்போதோ வெளியேறியவர். அதனால் என்ன? நம்ம ஊர்ப் பொண்ணு!

என் பக்கத்து வீட்டுக்காரர் மன்னார்குடியில் பெண் எடுத்தவர். அந்த உரிமையில் அவரும் எங்கள் தெருவுக்கே ஜாங்கிரி கொடுத்தார். 2024 நவம்பரில் கமலா அதிபர் தேர்தலில் தோற்ற மறுநாள் காலை, ஆறுதல் சொல்லலாமே என்று நான் போனேன். "அது அவங்க நாட்டு விவகாரம் சார், நமக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் பால் பாக்கெட்டோடு உள்ளே போய்விட்டார்.

நாட்டுப்பற்றுக்கு இப்படி ஒரு எலாஸ்டிக் உண்டு. பெருமை என்றால் எல்லைக்கோடு கலிபோர்னியா வரைக்கும் நீளும். அவமானம் என்றால் நம் வீட்டு வாசற்படிக்குள் வந்து சுருண்டுகொள்ளும். இதை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் ஐன்ஸ்டைன் முந்திக்கொண்டார். 1919 நவம்பரில் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் சார்பியலை விளக்கி எழுதியவர், கடைசியில் ஒரு குறும்பும் செய்தார். இப்போது ஜெர்மனியில் என்னை ஜெர்மன் அறிஞர் என்கிறார்கள், இங்கிலாந்தில் சுவிஸ் யூதர் என்கிறார்கள். நாளைக்கே என் பெயர் கெட்டால் இரண்டு பட்டமும் இடம் மாறிவிடும் என்றார். பிரிட்டனிலும் இதே கதைதான். டென்னிஸ் வீரர் ஆண்டி மரே ஜெயித்தால் பிரிட்டிஷ்காரர், தோற்றால் ஸ்காட்லாந்துக்காரர் என்று அவர்களே கேலி செய்துகொள்வார்கள்.

இந்த எலாஸ்டிக் எவ்வளவு தூரம் இழுபடும் என்பதை நான் முழுசாகப் பார்த்தது, ஐன்ஸ்டைனுக்குக் குடியுரிமையும் பேட்டன்ட் ஆபீஸ் வேலையும் கொடுத்த அதே சுவிட்சர்லாந்தில்தான். நானும் என் மனைவியும் ஒரு பேக்கேஜ் டூரில் போயிருந்தோம். பஸ் முழுக்கத் தமிழர்கள். கோயமுத்தூர் மில்காரர்கள், மதுரையிலிருந்து ஒரு டாக்டர் தம்பதி, கும்பகோணத்து மாமா மாமி, புதுசாகக் கல்யாணமான சென்னை ஜோடி ஒன்று. மதியத்துக்குத் தயிர்சாதம் கட்டிக்கொடுக்க ஒரு சமையல்காரரும் கூடவே வந்தார். அப்படியும் ஒவ்வொரு பெட்டியிலும் பருப்புப்பொடி இருந்தது. சமையல்காரர் மேல் அவநம்பிக்கை எதுவும் கிடையாது; ஐரோப்பா மேல்தான்.

முதல் பெருமை டிட்லிஸ் மலையில் வந்தது. உறைபனிக்கு நடுவில், 3,000 மீட்டர் உயரத்தில், ஷாருக்கானும் கஜோலும் கட்அவுட்டாக நிற்கிறார்கள். 1995-இல் வந்த படத்தின் புண்ணியம். உலகத்தில் எந்த நாட்டுக்காரனுக்கு இந்த மரியாதை கிடைக்கும் என்று பஸ்ஸே நெஞ்சை நிமிர்த்தி, வரிசையில் நின்று கஜோலோடு படம் எடுத்துக்கொண்டது. எடுத்து முடித்த பிறகுதான் மதுரை டாக்டருக்கு உறுத்தியது. "நம்ம ஆளு கட்அவுட் எங்கே?" என்றார். கும்பகோணத்து மாமா கட்அவுட்டை ஏற இறங்கப் பார்த்தார். ஆள் உயரம்தான் இருந்தது. "இதுக்குப் பேரு கட்அவுட்டா? எங்க ஊர் தியேட்டர்ல வச்சா இது ஹீரோவோட ஷூ உயரத்துக்குக்கூட வராது" என்றார். இந்தியர்களாகக் கேபிள் காரில் ஏறிய நாங்கள் தமிழர்களாக இறங்கினோம்.

மறுநாள் காலை ஹோட்டல் சாப்பாட்டு அறையில் அந்த அறிவிப்பு இருந்தது. பன் கூடைக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள், மேலே ஆங்கிலம், கீழே இந்தி. காலை உணவை இங்கேயே சாப்பிடவும். மதியத்துக்கு எடுத்துப் போக விரும்பினால் தனிக் கட்டணம். மற்ற ஏழெட்டு மேசைகளில் ஜெர்மன்காரர்களும் ஜப்பானியர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பாஷையில் ஓர் எழுத்துகூட இல்லை. ஆக, அறிவிப்பு யாருக்கு என்பதில் சந்தேகமே இல்லை.

முதலில் கொந்தளித்தவர் மில்காரர். "இந்தியன்னா அவ்வளவு எளப்பமாப் போச்சுங்களா? இத்தனை பிராங்க் வாங்கிட்டு ஒரு பன்னுக்குக் கணக்குப் பார்க்குறான் பாருங்க!" டாக்டர் ஆமோதித்தார். தேச கௌரவம் ஒரு நிமிடம் முழுதாகக் கொதித்தது. அப்போதுதான் கும்பகோணத்து மாமி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அறிவிப்பை நிதானமாகப் பார்த்தார்.

"இது நமக்கு இல்லைன்னா. இந்தியில்தானே எழுதியிருக்கு!"

கொந்தளிப்பு சட்டென்று அடங்கியது. 1965-இல் மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடிக் காப்பாற்றிய உரிமை இப்படி ஒரு பன் கூடைக்குப் பக்கத்தில் பயன்படும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். மேலே ஆங்கிலத்திலும் இருக்கிறதே என்று நான் சொல்லவில்லை. மாமி ஏற்கெனவே டிஷ்யூ பேப்பரை விரித்து இரண்டு பன், ஒரு வாழைப்பழம், சின்ன ஜாம் டப்பாக்கள் நான்கு என்று நேர்த்தியாக அடுக்கிக்கொண்டிருந்தார். மடித்த விதத்தைப் பார்த்தால் பூக்கடையில் பழகிய கை மாதிரி இருந்தது.

இதே போல ஒரு சுவிஸ் ஹோட்டலின் அறிவிப்பு 2019 ஜூலையில் தொழிலதிபர் ஹர்ஷ் கோயங்கா டுவிட்டரில் போட்டுப் பிரபலமானது. அது வெளிப்படையாகவே இந்திய விருந்தினர்களுக்கு என்று எழுதப்பட்டது. பஃபேயிலிருந்து எடுத்துப் போகாதீர்கள், வராந்தாவில் சத்தம் போடாதீர்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. அதே மாதம் பாலித் தீவில் இன்னொரு வீடியோ. ஓர் இந்தியக் குடும்பத்தின் பெட்டிகளை ஹோட்டல்காரர்கள் நடுவாசலில் திறக்கிறார்கள். துண்டு, ஹேர் டிரையர் என்று ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. இந்தியாவின் மானம் கப்பலேறிவிட்டது, பாஸ்போர்ட்டைப் பிடுங்குங்கள் என்று நாடே கத்தியது. அந்தக் குடும்பத்தை யாருக்கும் தெரியாது. ஆனாலும் கோடிக்கணக்கான பேர் சொந்த மச்சான் திருடியது போல வெட்கப்பட்டார்கள். நம்ம ஊர் ரயிலில் கழிப்பறைக் குவளையைச் சங்கிலி போட்டுக் கட்டியிருப்பதைப் பார்த்து யாரும் இப்படிக் கூசியதாக நினைவில்லை.

இது நமக்கு மட்டும் இருக்கும் வியாதி என்று நினைத்தால் அதுவும் ஒரு வீண் பெருமைதான். சீன அரசின் சுற்றுலாத் துறை 2013-இல் தன் மக்களுக்காக 64 பக்கத்தில் ஒரு கையேடே போட்டது. பொது இடத்தில் மூக்கைக் குடையாதீர், நீச்சல் குளத்தில் சிறுநீர் கழிக்காதீர், விமானத்திலிருந்து லைஃப் ஜாக்கெட்டை எடுத்துப் போகாதீர். (லைஃப் ஜாக்கெட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்வார்கள் என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன்.) ஆம்ஸ்டர்டாம் நகராட்சி 2023 மார்ச்சில் 18 முதல் 35 வயது வரையுள்ள பிரிட்டிஷ் ஆண்களைக் குறிவைத்து, குடித்துக் கும்மாளம் போடுவதற்காக வராதீர்கள் என்று விளம்பரம் செய்தது. வராதே என்று விளம்பரம் செய்த சுற்றுலாத் தலம் என்றால் பாதிப்பு எவ்வளவு இருந்திருக்க வேண்டும்! அமெரிக்கர்களில் சிலர், தங்கள் நாட்டின் பெயர் கெட்டிருக்கும் நாட்களில் முதுகுப் பையில் கனடாக் கொடியைத் தைத்துக்கொண்டு கிளம்புவார்கள். ஜெர்மன்காரர்கள் விடிவதற்குள் எழுந்து நீச்சல் குளத்துச் சாய்வு நாற்காலிகளில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறார்கள் என்று ஆங்கிலப் பத்திரிகைகள் வருஷா வருஷம் புலம்பும். ஓடுகிற பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு வளர்ந்த எனக்கு, இந்த ஒரு விஷயத்தில் ஜெர்மன்காரர்கள் மேல் தனிப் பிரியம்.

நல்ல பெயர் எடுத்தவர்கள் பாடு இன்னும் கஷ்டம். 1998 உலகக் கோப்பையிலிருந்து ஜப்பானிய ரசிகர்கள் ஆட்டம் முடிந்ததும் ஸ்டேடியத்தைக் கூட்டிவிட்டுப் போகிறார்கள். 2018-இல் பெல்ஜியத்திடம் கடைசி நொடியில் கோல் வாங்கி வெளியேறிய அன்றும் அழுதுகொண்டே குப்பை பொறுக்கினார்கள். தோற்ற கடுப்பில் ஒரு பாட்டிலைக் காலால் எத்தக்கூட உரிமை இல்லாத ஜனங்கள்! எங்கள் ஹோட்டல் லிஃப்டில் ஒரு ஜப்பானியத் தம்பதியைப் பார்த்ததும் மில்காரர், "முத்து! ரஜினி! ஜப்பான் சூப்பர் ஹிட்!" என்றார். 'முத்து' படம் 1998-இல் அங்கே வெளியாகி ஓடோ ஓடென்று ஓடியது என்னவோ உண்மைதான். அந்த இருவரும் குனிந்து வணங்கினார்கள். தெரியும் என்று வணங்கினார்களா, நான்காவது மாடி எப்போது வரும் என்று வணங்கினார்களா, சொல்ல முடியவில்லை.

வியன்னாவின் நாட்டார் கலை அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான ஒரு பழைய ஓவியம் உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் ஸ்டைரியா பகுதியில் வரைந்தது. மேலே பத்து நாட்டு ஆண்கள் வரிசையாக நிற்கிறார்கள். கீழே ஜாதகக் கட்டம் மாதிரி ஒவ்வொருவருக்கும் குணம், நோய், பொழுதுபோக்கு, ஒப்பான மிருகம் எல்லாம் எழுதியிருக்கிறது. ஸ்பானியர் கர்வி. போலந்துக்காரரின் பொழுதுபோக்கு சண்டை, ரஷ்யருக்குத் தூக்கம், ஆங்கிலேயருக்கு வேலை. துருக்கியரையும் கிரேக்கரையும் ஒரே கட்டத்தில் போட்டு அடைத்திருக்கிறார்கள். அந்த இருவருக்கும் இதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியாது. வரைந்தவர் ஜெர்மன் பேசுகிறவர். ஆகையால் ஜெர்மன்காரர் திறந்த மனசுக்காரர், மிருகத்தில் சிங்கம். கடைசிக் கட்டம் உயிர் எங்கே போகும் என்பது. பிரெஞ்சுக்காரருக்குப் போரில், ரஷ்யருக்குப் பனியில், ஜெர்மன்காரருக்கு மதுவில். அந்த இடத்தில் மட்டும் ஓவியருக்குப் பொய் சொல்ல மனசு வரவில்லை. படத்தில் இந்தியர் இல்லை. இன்றைக்கு ஒரு ஹோட்டல்காரரிடம் தூரிகையைக் கொடுத்தால் சேர்த்துவிடுவார். உயிர் போகும் இடம்: பஃபே வரிசை.

மூன்றாம் நாள் காலை, முட்டைத் தட்டை நிரப்ப வந்த பணியாளர் என் பக்கத்தில் தயங்கி நின்றார். அறுபதை நெருங்கும் வயது. சட்டையில் குத்திய பெயர்ப் பட்டையில் அவருடைய நீண்ட பெயரை முதல் மூன்று எழுத்தோடு வெட்டியிருந்தார்கள்.

"அண்ணை, தமிழோ?"

யாழ்ப்பாணத்துக்காரர். எண்பத்தைந்தில் வந்தவர். ஊர், பிள்ளைகள் எல்லாம் விசாரித்துக்கொண்ட பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்டு சொன்னாக் குறை நினைக்கக் கூடாது. உங்கட ஆக்களிட்ட அந்த பன் எடுக்கிறதைக் கொஞ்சம் சொல்லி விடுங்கோ. செஃப் என்னட்ட வந்து, 'உன்ர ஆக்கள் எடுக்கினம்' எண்டு சொல்லுறான். நான் இந்தியா இல்லை, இலங்கை எண்டு இத்தனை வருசமாச் சொல்லுறன். மேப்பிலயும் காட்டினனான். நடுவில கடல் கிடக்குது பார் எண்டன். இவங்களுக்கு அது ஏரி மாதிரித் தெரியுது."

நான் கும்பகோணத்து மாமியை ஓரக்கண்ணால் பார்த்தேன். அன்றைக்கு அவித்த முட்டையும் கணக்கில் சேர்ந்திருந்தது. இந்தியில் எழுதியதால் மாமிக்குப் பொருந்தாத அவமானம், பாக் நீரிணையைத் தாண்டி இந்த மனிதர் தலையில் போய் உட்கார்ந்திருந்தது.

அவருக்குப் பழக்கம்தான். சுவிஸ்காரர்களின் பயம் முதலில் இத்தாலியர்கள் மேல் இருந்தது. நாட்டில் வெளிநாட்டவர் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று 1970 ஜூனில் ஒரு பொதுவாக்கெடுப்பே நடந்து, 54 சதவீதம் பேர் வேண்டாம் என்றதால் தோற்றது. (வாக்களித்தவர்கள் எல்லாரும் ஆண்கள். சுவிஸ் பெண்களுக்குத் தேசிய அளவில் ஓட்டுரிமை வந்தது 1971-இல்தான். இதைக் கேட்ட அன்று பஸ்ஸில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் இந்தியர்களானார்கள்.) எண்பதுகளில் இத்தாலியர்கள் இடத்துக்கு ஈழத் தமிழர்கள் வந்து சேர்ந்தார்கள்.

"பெர்ன் ஸ்டேசனில லெதர் ஜாக்கெட்டோட நாலு தமிழ்ப் பெடியள் நிண்டா, பவுடர் விக்கிறாங்கள் எண்டு பேப்பரில எழுதுவினம். என்னட்டயும் அப்பிடி ஒரு ஜாக்கெட் இருந்தது. போட்டா ஆக்கள் பயப்பிடுவினம், போடாட்டிக் குளிர் கொல்லும்."

"இப்ப எப்படி?"

"இப்ப தமிழர் எண்டா நல்ல வேலைகாரர், சத்தம் போடாயினம் எண்டு சொல்லுவினம். அதுவும் கரைச்சல்தான் அண்ணை. ஒரு நாள் லீவு கேட்டா, நான் ஏதோ கெட்டுப்போன மாதிரிப் பாக்கிறாங்கள்."

சுவிஸ் பாஸ்போர்ட் எடுத்துப் பல வருடமாகிறதாம். ஆனாலும் எந்த ஊர் என்று கேட்காத சுவிஸ்காரரை அவர் இன்னும் சந்திக்கவில்லை. பெர்ன் என்று சொன்னால், "அது சரி, உண்மையில் எந்த ஊர்?" என்று அடுத்த கேள்வி வருமாம்.

"போன வருசம் ஊருக்குப் போனனான். யாழ்ப்பாணத்தில திருநெல்வேலிச் சந்தையில கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வாங்கப் போய், விலை குறைக்கச் சொல்லிக் கேட்டன். கொஞ்சம் கூடத்தான் கேட்டுட்டன் போல. அந்தக் கிழவருக்குக் கோவம் வந்திட்டுது. 'சுவிஸ்காரர் எண்டாலே கஞ்சன்தானே' எண்டு நாலு பேருக்கு முன்னால ஏசிப்போட்டார்."

"அடடா."

"அடடா இல்லை அண்ணை. என்னை ஒருத்தர் சுவிஸ்காரர் எண்டு சொன்னது அண்டைக்குத்தான் முதல் தரம்."

"மாம்பழம் வாங்கினீங்களா?"

"வாங்காமல்? அவர் சொன்ன விலைக்கே ரெண்டு டசின்."