காதால் முகர்தல்: பிரஸ்ஸல்ஸ் பீர் வகுப்பை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

பீரெல்லாம் ஆய்வுக்குரிய பொருளா என்று தயங்குவோர் உண்டு. தயங்கத் தேவையில்லை, ஆய்வுலகமே பீருக்குக் கடன்பட்டிருக்கிறது. கையில் நாலு எண் கிடைத்ததும் ஆராய்ச்சி மாணவர்கள் போட்டுப் பார்க்கும் டி-சோதனையை 1908இல் உருவாக்கித் தந்தவர், டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட். ஊழியர்கள் சொந்தப் பெயரில் கட்டுரை வெளியிட ஆலை விடாததால் ‘மாணவன்’ என்ற புனைபெயரில் எழுதினார். பள்ளியில் நாம் லிட்மஸ் தாளோடு சேர்த்து மனப்பாடம் செய்த பி.எச். அளவு, அதற்கடுத்த ஆண்டு கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆலையின் ஆய்வகத்தில் சோரன்சென் கையில் பிறந்தது. லூயி பாஸ்டர் 1876இல் பீருக்கென்றே தனி நூல் எழுதினார். இவர்களெல்லாம் பீரை வைத்து அறிவியலை வளர்த்திருக்க, அறிவியலை வைத்து பீரை அணுகும் இச்சிறு முயற்சியை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். என் மாமனார் நீங்கலாக.

ஆய்வுச் சிக்கல்

பெல்ஜியத்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் பிரஸ்ஸல்ஸில் சிறுநீர் கழிக்கும் சிறுவன் சிலையைப் பார்ப்பார்கள், “இவ்வளவுதானா?” என்பார்கள், சாக்லேட் வாங்குவார்கள். அதற்குப் பிறகும் பொழுது மிஞ்சினால் பீர் சுவைப்பு வகுப்பு. செங்கல் வளைவு போட்ட நிலவறை, நீண்ட மர மேசை, ஆளுக்கொரு தாள், பென்சில், தண்ணீர் ஜாடி, தட்டில் சதுரம் சதுரமாக வெட்டிய சீஸ். கட்டணத்தை முதலிலேயே வாங்கிவிடுகிறார்கள். முடியும்போது கணக்குப் பார்க்கும் நிலையில் யாரும் இருக்க மாட்டார்கள் என்கிற முன்யோசனை.

குடிக்கிறதுக்கு வகுப்பு எதற்கு என்று ஊரில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே கற்றுத் தருவது குடிப்பதை அல்ல, குடிப்பதைத் தள்ளிப்போடுவதை. முதலில் பார்க்க வேண்டும்: நிறம், நுரை, நுரை இறங்கும்போது கண்ணாடியில் விட்டுச் செல்லும் வளையங்கள். அப்புறம் கிளாஸை லேசாகச் சுழற்றி முகர வேண்டும். அதற்கப்புறம்தான் ஒரு வாய். விழுங்கியதும் வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சு விட வேண்டும். நாம் ருசி என்று நினைத்துக்கொண்டிருப்பதில் பெரும்பங்கு, தொண்டையின் பின்வாசல் வழியாக மூக்குக்கு ஏறும் வாசனைதான். ஒயின் வகுப்பில் வாயில் வைத்ததைத் துப்பிவிடுவார்கள். பீர் வகுப்பில் துப்பப் பாத்திரமே வைப்பதில்லை. கசப்பு தொண்டையில் இறங்கும்போதுதான் முழுதாகத் தெரியும் என்பது பீர்க்காரர்கள் சொல்லும் காரணம். சந்தேகத்துக்கு இடம் தரும் காரணமாக இருந்தாலும் மாணவர் தரப்பில் யாரும் ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை.

சிக்கல் முகர்வதில் எழுகிறது. முகர்ந்தாயிற்று. “என்ன தெரிகிறது?” என்கிறார் ஆசிரியை. மேசை முழுக்க மௌனம். கணக்கு வாத்தியார் போர்டுக்குக் கூப்பிட்டுவிடுவாரோ என்று பென்சில் முனையைப் பார்த்துக்கொண்டிருக்கும் எட்டாம் வகுப்பு முகங்கள், நாற்பது ஐம்பது வயது உடம்புகளின் மேல். ஒருவர் துணிந்து, “பீர் வாசனை” என்கிறார். ஆசிரியை புன்னகைக்கிறார். பிறகு மெல்ல, “வாழைப்பழம்?” என்று கேட்கிறார். அவ்வளவுதான். ஆமாம், வாழைப்பழம்! எப்படித் தெரியாமல் போயிற்று? எல்லாப் பென்சில்களும் ஒரே நேரத்தில் எழுதுகின்றன.

ஒரு நிமிடத்துக்கு முன்பு அந்த வாழைப்பழம் எங்கே இருந்தது? இதுவே இவ்வாய்வின் சிக்கல். முகர்தல் மூக்கில் அல்ல, காதில் தொடங்குகிறது என்பது கருதுகோள்.

முன்னாய்வுகள்

இத்துறையின் மூலவர் எட்வின் ஸ்லாஸன். அமெரிக்காவில் வயோமிங் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர். ஒரு நாள் சொற்பொழிவில், காற்றில் வாசனை எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று பார்க்கப்போவதாகச் சொல்லி, ஒரு புட்டியிலிருந்ததைப் பஞ்சில் ஊற்றினார். வாசனை வந்ததும் கை தூக்கச் சொன்னார். கால் நிமிடத்தில் முன்வரிசையில் பெரும்பாலோர் கை தூக்கினர். முக்கால் நிமிடத்துக்குள் அலை பின்வரிசை வரை போய்விட்டது. முக்கால்வாசிப் பேருக்கு வாசனை வந்துவிட்டது. முன்வரிசையில் சிலருக்குக் குமட்டி, எழுந்து போக ஆயத்தமாகவே, சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. புட்டியில் இருந்தது வாலை வடிநீர். இதை அவர் 1899இல் கட்டுரையாக்கினார்.

ஒயின் தரப்பிலும் சான்று உண்டு. 2001இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், போர்தோ நகரில் ஒயின் படிக்கும் மாணவர்கள் 54 பேருக்கு வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களை எடுத்து வர்ணித்தார்கள். மூக்கு காதையும் நம்புகிறது, கண்ணையும் நம்புகிறது; தன்னை மட்டும் நம்புவதில்லை.

ஆய்வு எல்லை

கடைசிக் கிளாஸ் வரை. அதற்கு மேற்பட்ட தரவுகள் ஆய்வாளருக்கு நினைவில்லை.

களமும் கருவியும்

களத்தின் தகுதி குறித்து ஐயம் வேண்டாம். பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை 2016இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருவ மரபுப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஒவ்வொரு பீருக்கும் அதற்கென்று ஒரு கிளாஸ் உண்டு. அடி உருண்டு, தானாக நிற்க முடியாமல் மரத்தாங்கியில் செருகி வைக்கும் கிளாஸ்கூட இருக்கிறது. துறவிகள் மடத்து மதிலுக்குள் காய்ச்சும் பீருக்குத் தனி முத்திரை. இதையெல்லாம் ஆசிரியை சொல்லும்போது மாணவர்கள் கவனமாகத் தலையாட்டினார்கள். கண் மட்டும் புட்டி மேல்.

கருவி, சுவைச் சக்கரம். டென்மார்க்காரரான மார்ட்டன் மைல்கார்ட் 1970களில் வகுத்தது. பீரில் தென்படக்கூடிய வாசனை, சுவைகளுக்கு நூற்றுக்கு மேற்பட்ட சொற்களை வட்டமாக அடுக்கி வைத்திருக்கும். பீர் எங்கே கெட்டது என்று ஆலைக்காரர்கள் ஒரே மொழியில் பேசிக்கொள்ள ஏற்பட்ட சாதனம்; இப்போது சுற்றுலாப் பயணிகளுக்கு விடைத்தாளாகப் பயன்படுகிறது. காதுக்கு முன்னால் கண்ணுக்கே விடை கிடைத்துவிடுவதால் கருதுகோளைச் சோதிப்பது கடினமாகிறது.

இந்த இடத்தில்தான் கட்டுப்பாட்டுக் குழுவின் அருமை விளங்கும். கட்டுப்பாட்டுக் குழு (எண்ணிக்கை: ஒன்று) என் மனைவி. அவர் குடிப்பதில்லை. வெளியே குளிர், கால் வலி, கட்டணம் வேறு கட்டியாயிற்று என்பதால் உள்ளே வந்தவர். சுவைச் சக்கரத்தின் மேல் சீஸ் தட்டை வைத்துவிட்டார். ஒவ்வொரு கிளாஸையும் முகர்ந்து பார்த்துவிட்டு என் பக்கம் நகர்த்தினார். ஆய்வுலகில் இதைவிடச் சீரான ஏற்பாடு அமைவது அரிது.

தரவுகள்

முதல் கிளாஸ், கலங்கலான வெளிர்மஞ்சள் கோதுமை பீர். ஆசிரியை வாயைத் திறப்பதற்கு முன்பே கட்டுப்பாட்டுக் குழு என் காதருகே வந்து, “என்னங்க, இதுல மல்லி போட்டிருக்காங்க” என்றது. பீரில் யாராவது மல்லி போடுவார்களா என்றேன். “வறுக்காத மல்லி. ஒண்ணு ரெண்டாத் தட்டிப் போட்டிருக்காங்க.” கை தூக்கிச் சொன்னேன். ஆசிரியை ஒரு கணம் பேச்சை நிறுத்தினார். பெல்ஜியக் கோதுமை பீரில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுவது பழைய முறை. அழிந்துபோயிருந்த அந்த வகையை 1960களில் ஹூகார்டன் என்ற ஊரில் மீட்டெடுத்தவர் பியேர் செலிஸ் என்ற பால்காரர். மேசையில் இருந்த மற்றவர்கள் அதன்பிறகு மல்லியை முகர்ந்தார்கள், அதாவது, கேட்டார்கள்.

இரண்டாவது, பிரஸ்ஸல்ஸுக்கே உரிய கூஸ். இதற்கு ஈஸ்ட் சேர்ப்பதில்லை. காய்ச்சிய கஷாயத்தைக் கூரைக்குக் கீழே ஆழமில்லாத அகன்ற தொட்டியில் ஓர் இரவு முழுக்க ஆறவிடுவார்கள். காற்றிலும் கட்டடத்திலும் இருக்கும் நுண்ணுயிர்கள் வந்து இறங்கும். குளிர்மாதங்களில் மட்டும் நடக்கிற வேலை. பிறகு மரப் பீப்பாய். ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டுச் சரக்குகளைக் கலந்து புட்டியில் அடைத்தால் கூஸ். 1900இலிருந்து நடந்துவரும் கான்டியோன் ஆலையில் சிலந்தி வலையைக்கூடக் கலைப்பதில்லை. பூச்சிகளைச் சிலந்தி பார்த்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் நான் இதே கொள்கையை முன்வைத்தபோது எடுபடவில்லை.

கூஸ் வாயில் பட்டதும் கடைவாய் கூசுகிறது. ஆசிரியை அதன் வாசனைக்குச் சொன்ன சொல், குதிரைப் போர்வை. அதாவது குதிரையின் முதுகில் போர்த்தி எடுத்த துணியின் வாசனை. மேசையில் இருந்தவர்களில் ஒருவர் கணினிக்காரர், ஒருவர் பல் மருத்துவர், இரண்டு பேர் தேனிலவுக்கு வந்தவர்கள். குதிரையின் போர்வையை மோந்து பார்த்த வாழ்க்கை யாருக்கும் வாய்த்ததாகத் தெரியவில்லை. இருந்தும், “ஆமாம், குதிரைப் போர்வை” என்று ஒரே குரலில் ஒப்புக்கொண்டார்கள். கருதுகோளுக்கு இதைவிடத் திடமான சான்று வேண்டியதில்லை. எனக்கு ஏதோ தெரியத்தான் செய்தது: சின்ன வயதில் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வண்டிகள் நிற்கும் இடம், ஈரச் சாக்கு, புல்லுக்கட்டு. அந்த வாசனைக்குக் காரணமான பிரெட்டனோமைசிஸ் ஈஸ்டை 1904இல் கண்டு சொன்னதும் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகம்தான்.

மூன்றாவது, டிரிப்பல். பொன்னிறம், ஒன்பது சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால். கட்டுப்பாட்டுக் குழு உடனே, “கிராம்பு” என்றது. போடவில்லை, ஈஸ்ட்டே அந்த வாசனையை உண்டாக்குகிறது என்று ஆசிரியை விளக்கினார். கிராம்பின் யூஜினாலும் ஈஸ்ட் செய்கிற அந்தப் பொருளும் வேதியியலில் ஒரே குடும்பம். ஆரம்பத்தில் சொன்ன வாழைப்பழமும் அப்படித்தான், ஈஸ்ட்டின் கைவேலை. கட்டுப்பாட்டுக் குழுவுக்குத் திருப்தியில்லை. “போடாம எப்படிங்க வாசம் வரும்? கணக்குல சேர்க்காம விட்டிருப்பாங்க” என்று தமிழில் தீர்ப்பளித்துவிட்டு அடுத்த சீஸ் துண்டை எடுத்தது.

ஆனால் இவ்வாய்வின் தலையாய தரவு நான்காவது. நிலவறைக்கு மேலே ஜன்னலோரம் வெயிலில் வைத்திருந்த ஒரு பச்சைப் புட்டியை ஆசிரியை எடுத்துவந்து திறந்து, கிளாஸ்களில் ஊற்றினார். ஹாப் பூவிலிருந்து வரும் கசப்புப் பொருள்களை வெளிச்சம் உடைத்துவிடும். விளைவாக ஒரு கந்தகச் சேர்மம் உண்டாகும். லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். பீர்ப் புட்டிகள் பழுப்பு நிறத்தில் இருப்பது இதனால்தான். இந்த வாசனைக்கு ஆசிரியை சொன்ன பெயர் ஸ்கங்க். அது வாலைத் தூக்கி நாற்றம் பீய்ச்சும் ஒரு பிராணி; பெல்ஜியக் காட்டில் கிடையாது. மேசையில் இருந்த ஓர் அமெரிக்கர் மட்டும் முகத்தைச் சுளித்தார். மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துச் சுளித்தார்கள்.

கட்டுப்பாட்டுக் குழு கிளாஸை மூக்கருகே கொண்டுபோனது. சட்டென்று கீழே வைத்தது. முகம் மாறிவிட்டது.

“என்னங்க, கிளம்பும்போது சிலிண்டரை மூடினீங்களா?”

இது தற்செயல் அல்ல. கேஸ் சிலிண்டரில் கசிவு தெரிய வேண்டும் என்று சேர்க்கும் எத்தில் மெர்காப்டனும் வெயிலில் கெட்ட பீரின் அந்தச் சேர்மமும் தயோல் என்னும் ஒரே வகையைச் சேர்ந்தவை. ஆசிரியை சொன்ன ஸ்கங்க்கைவிட அவர் சொன்ன சிலிண்டரே எனக்குத் துல்லியமாகப் பட்டது. யாரும் அவர் காதில் ஓதவில்லை. சக்கரம் சீஸ் தட்டுக்கு அடியில் கிடந்தது. (மூடியிருந்தேன். பக்கத்து வீட்டுக்கு போன் போட்டு உறுதிசெய்த பிறகே வகுப்பு தொடர்ந்தது.)

குழப்பக் காரணி

மாணவர்களின் தாள்களை எட்டிப் பார்த்ததில் ஒரு போக்கு புலப்பட்டது. பக்கத்தில் இருந்த பல் மருத்துவர் முதல் கிளாஸுக்கு எழுதியது: “எலுமிச்சைத் தோல், ஈர வைக்கோல், முடிவில் லேசான மிளகு.” மூன்றாவதுக்கு: “பழம். சூடு.” கடைசியாக வந்தது, மடத்துத் துறவிகள் காய்ச்சும் கரும்பழுப்பு ரோஷ்ஃபோர் 10, ஆல்கஹால் 11.3 சதவீதம். அதற்கு நேராக அவர் எழுதியது ஒரே சொல், “ஆஹா”வுக்கு இணையானது. எழுத்துகள் கோட்டை விட்டுக் கீழிறங்கி என் தாளுக்குள் வந்துவிட்டன. ஆக, சொற்கள் குறையக் குறைய மதிப்பெண் ஏறுகிறது. சிறு மாதிரிகளை நம்பலாமா என்று கோசெட் வாழ்நாள் முழுக்க யோசித்தார். மாதிரியே ஆய்வாளருக்குள் இறங்கிவிட்டால் என்ன செய்வது என்பதற்கு டி-சோதனையில் வழியில்லை.

ஆய்வு முடிவு

கருதுகோள் பாதி நிற்கிறது. அறியாத வாசனையைக் காது முகர்கிறது: குதிரைப் போர்வை, ஸ்கங்க் இரண்டும் சாட்சி. ஆனால் அஞ்சறைப்பெட்டியைத் தினமும் திறக்கிற மூக்குக்கு யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அன்றைய வகுப்பில் பீரை நன்றாக அறிந்தவர் யார் என்று கேட்டால், ஒரு சொட்டும் குடிக்காதவர்தான்.

இத்தகைய வகுப்புக்குப் போக எண்ணும் வாசகர்களுக்கு: அன்றைக்கு சென்ட் அடிக்காதீர்கள், உங்கள் மூக்கு மட்டுமல்ல, மேசை முழுக்கக் கெட்டுப்போகும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். வண்டி ஓட்டாதீர்கள், பிரஸ்ஸல்ஸில் டிராம் இருக்கிறது. முடிந்தால் குடிக்காத ஒருவரைக் கூட்டிப் போங்கள். அவருக்கும் முழுக் கட்டணம் வாங்கலாம், பரவாயில்லை, கொடுத்துவிடுங்கள். தாளில் சரியான விடை எழுத ஆள் வேண்டும்.