மூஷிக தந்தமும் மின்தந்தியும்: உதகைக் குளிர்காலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

உதகையில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும். தலைக்குந்தா, காந்தல் போன்ற பள்ளமான இடங்களில் விடிகாலைப் புல்வெளி உப்பளம்போல் வெளுத்துக் கிடக்க, சுற்றுலா வந்தவர்கள் படமெடுத்துத் தள்ளுவார்கள். அதே நேரம் தகரக் கூரைக்கும் மரச் சீலிங்குக்கும் நடுவே நடப்பதை யாரும் படமெடுப்பதில்லை. அறிவுலகின் இந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை.

எலி ஏன் வயரைக் கடிக்கிறது என்பதில் அறிஞர்கள் கட்சி பிரிந்து நிற்கிறார்கள். பாட்டிமார் மரபின்படி, மருந்து வைக்கப்போகிற சேதி எலியின் காதில் விழுந்துவிட்டால் அது பழி தீர்க்காமல் விடாது. எனவே இம்மரபினர் கடையில் எலிமருந்து கேட்கும்போதே குரலைத் தாழ்த்திவிடுவார்கள். எலக்ட்ரீஷியன் மரபு இதைவிடச் சுருக்கம். ஏணியில் ஏறி, டார்ச் அடித்து, "எலி வேலை சார், மொத்தமா மாத்தணும்" என்பதோடு வாதம் முடிந்துவிடும். இதை மறுக்க ஏணி வேண்டும். ஏணியோ அவர்களிடம்தான் இருக்கிறது.

எனினும் உடலியலார் சொல்வதே ஏற்புடையது. எலியின் வெட்டுப்பற்கள் சாகும்வரை வளரும். ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் அளவுக்கு. கொறித்துத் தேய்க்காவிட்டால் வாயை மூட முடியாது. முன்பக்கம் மட்டும் எனாமல், அதிலும் இரும்பு கலந்து மஞ்சள் பூத்திருக்கும். பின்பக்கம் மெத்தென்றிருப்பதால் சீக்கிரம் தேய்ந்து, பல் உளிபோலத் தானே கூராகிவிடும். செம்பையே வெல்லும் கடினம் அதற்கு, பி.வி.சி. உறை எம்மாத்திரம்? ஆக, கடிப்பது பன்னிரண்டு மாதமும் நடக்கிற வேலை. குளிர் செய்வதெல்லாம் எலியை வெளியிலிருந்து வீட்டுக்குள் டிரான்ஸ்ஃபர் செய்வது மட்டுமே. சுண்டெலிக்குப் பென்சில் நுழையும் ஓட்டை போதும். வந்ததும் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கம்ப்ரசரின் வெதுவெதுப்பில் குடியேறிவிடும். பல் தேய்க்க அங்கேயே வயரும் தொங்குகிறது.

இனி தத்துவப் பகுதி. எலி நியூட்ரலை மட்டும் துண்டித்த வீட்டில் ஒரு விநோதம் காணலாம். லைட் எரியாது, டெஸ்டர் எரியும். அதுவும், ஏதாவது ஒரு ஸ்விட்ச் போட்டபடி இருந்தால், பிளக்கின் இரண்டு துளையிலும் எரியும். ஃபேஸில் புறப்பட்ட மின்சாரம் பல்பு வழியாகப் போய், திரும்பும் வழி அறுந்து, நியூட்ரலிலேயே நிற்பதுதான் காரணம். எலக்ட்ரீஷியன்கள் இதை 'ரிட்டர்ன் வருது' என்பார்கள். இரண்டாகத் தெரிந்தது ஒன்றே என்றாகிவிடுவதால், நியூட்ரலைக் கடிப்பது அத்வைத எலி. ஃபேஸைக் கடிப்பது சில வேளை தன் கொள்கையை விளக்கிச் சொல்ல உயிரோடு இருப்பதில்லை. நான்காம் நாள் நாற்றம்தான் சொல்லும். இரண்டு உறையையும் உரித்துவிட்டு ஓடுகிற எலிதான் உண்மையில் ஆபத்து. காய்ந்த மரச் சீலிங்கில் ஒரு பொறி போதும் என்பதால் அதைப் பற்றி நகைச்சுவை எழுத இக்கட்டுரையாளருக்குத் துணிவில்லை. முப்பது மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழும் டிரிப்பர் ஒன்றைப் போட்டுக்கொள்வது, வீட்டில் எத்தனை பூனை இருந்தாலும், நல்லது. பூனைகள் மார்கழியில் ஹீட்டர் முன்னாலிருந்து எழுவதில்லை.

இவ்விடத்தில் மூஞ்சூறை விடுதலை செய்தாக வேண்டும். அது கொறிணியே அல்ல, பூச்சி தின்னி. வெட்டுப்பல் வளரும் உபாதையும் அதற்கில்லை. பிள்ளையாருக்கு வாகனமாக இருந்தும் கரப்பான் பிடித்துப் பிழைக்கிற ஜீவனை வயர் வழக்கில் சேர்ப்பது அநியாயம்.

எஞ்சியிருப்பது சட்டச் சிக்கல்: எலி யாருடையது? "அரிசி மூட்டையைத் திறந்து வெச்சது யாரு?" என்பது வீட்டுக்காரர் வாதம். "ஓட்டை உங்க சீலிங்லதானே இருக்குண்ணா?" என்பது குடியிருப்பவர் வாதம். இரண்டுக்கும் கடிபட்ட ஒரே வயர்தான் சாட்சி. இந்த வரிகள் எழுதப்படும்போது, வயர் செலவு பாதிப் பாதி என்று இரு தரப்பும் இறங்கி வந்திருக்கின்றன. ஏணிக்கூலி அட்வான்ஸில் கழியுமா என்பதில்தான் பேச்சு நிற்கிறது.