மூத்த பெரணியும் முரட்டு ஜீனும்

கேள்வி: டைனோசருக்கும் மூத்தது பெரணி என்கிறார்கள். அதன் பசுங்கணிக ஜீன்கள் அன்று முதல் மாறவே இல்லையா?

பதில்: பெரும்பாலும் பிடிவாதம்தான். ஒளிச்சேர்க்கைப் புரதத்தில் முக்கியமான ஒரு கண்ணி பிசகினால் செடிக்குச் சாப்பாடு கிடையாது. பிசகிய ஜீன் வாரிசு வைக்காமல் போய்ச் சேரும். இயற்கைத் தேர்வுக்கு இங்கே முதல் வேலை களையெடுப்பு.

ஆனால், வெளிச்சம் மாறினால் கதை வேறு. கிரிட்டேசியஸ் காலத்தில் பூக்கும் மரங்கள் பெருகிக் காட்டுக்குக் கூரை போட்டன; கீழே வெளிச்சம் குறைந்தது. பெரணி மூட்டை கட்டவில்லை. இன்றுள்ள பெரணி இனங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு கிளைத்தவையே. கரியமில வாயுவைப் பிடிக்கும் ருபிஸ்கோ நொதிக்கான, பெரணியின் பசுங்கணிகத்தில் உள்ள ஆர்.பி.சி.எல். ஜீனில், மாற்றத்தையே தேர்வு ஆதரித்த தடயங்கள் சில இடங்களில் தெரிகின்றன. வினாடிக்கு ஏதோ மூன்று மூலக்கூறைக் கையாளும் மகா சோம்பேறி நொதி அது. கொஞ்சம் திருத்தினால் தப்பில்லை!

இன்னொரு வேடிக்கை. அடியாண்டம் என்ற பெரணியின் பசுங்கணிகத்தில் சுமார் 350 மரபு எழுத்துகள், பிழையோடு அச்சுக்குப் போகும் பத்திரிகை மாதிரி, ஆர்.என்.ஏ. நகலில்தான் திருத்தப்படுகின்றன. ஜீனை மட்டும் படித்துவிட்டுப் புரதம் மாறிவிட்டது என்று அறிவிப்பவர்கள் உஷார்!