வாய்வார்த்தையும் கையெழுத்தும்

கேள்வி: எங்கள் குப்பத்துப் பையன் நல்ல ஃபார்வர்டு. எங்கள் கல்லூரி அணிக்கு வருவதாக வாக்குக் கொடுத்தவனை, சேர்க்கைக்கு முதல் நாள் எதிரணிக் கல்லூரி அள்ளிக்கொண்டு போய்விட்டது. நியாயமா?
– ஒரு வாசகர், பழவேற்காடு

பதில்: வயிற்றெரிச்சல் புரிகிறது. உங்கள் ஏரியில் பாடு முறை உண்டு. யார் முறையோ அவர்தான் அங்கே வலை கட்டுவார். கால்பந்தில் பாடு கிடையாது. மீனுக்கு இல்லாத உரிமை ஆட்டக்காரனுக்கு உண்டு: எந்த வலை என்று அவனே தேர்ந்தெடுக்கலாம்!

கையெழுத்தே போட்டாலும் நிம்மதி இல்லை. 2024-ல் கால்பந்து வீரர் அன்வர் அலி, கொல்கத்தாவின் மோகன் பகானை விட்டு அதே ஊர் எதிரணியான ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். கால்பந்து சம்மேளனக் குழு 4 மாதத் தடை விதிக்க, விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை ஏறியது.

நம்ம சென்னை நந்தகுமார் சேகரையும் பாருங்கள். சென்னை சிட்டி அணியில் ஆடியவர், 2023 டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்கால் சட்டையில் மோகன் பகானுக்கு எதிராக ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தார். அந்த டெர்பி வெற்றிக்கு ஈஸ்ட் பெங்கால் நான்கு வருஷத்துக்கு மேல் காத்திருந்தது. சட்டை மாறினாலும் எனக்கு அது நம்ம ஊர் கோல்தான்.

பையன் மேல் கோபம் வேண்டாம். விடுதி, கட்டணச் சலுகை எல்லாம் எழுத்தில் இருக்கிறதா, முழங்காலில் அடிபட்டாலும் படிப்பு தொடருமா என்று அவன் அப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள். கடலுக்குப் போகிற வீட்டில் அதுதான் முதல் கணக்கு. உங்கள் கல்லூரி அடுத்த பையனைத் தேடிப் போகும்போது வாழ்த்தோடு காகிதத்தையும் கொண்டுபோகட்டும்.