ஊக்கு கண்டுபிடித்தவருக்கு ஒரு கும்பிடு

தையல் மெஷினை அடித்து நொறுக்கிய பெருமை பாரிஸ் நகரத்துத் தையல்காரர்களுக்கு உண்டு. அந்தப் பட்டியலில் மதுரையிலிருந்தும் ஒரு பெயர் ஏறியிருக்கும். அம்மா குறுக்கே வந்து நின்றதால் மெஷின் பிழைத்தது.

புது வீட்டு ஹாலில் மூன்று ஜன்னல். திரைச்சீலை தைத்து மாட்ட என்ன ஆகும் என்று ஒரு கடையில் கேட்டேன். அவர்கள் சொன்ன தொகைக்கு மூன்று ஜன்னலையும் செங்கல் வைத்து அடைத்து, பூச்சுவேலையும் முடித்து, மிச்சத்தில் கொத்தனாருக்குப் பரோட்டா வாங்கித் தரலாம். "உன் மெஷின் சும்மாதானேம்மா கெடக்கு. நானே தைக்கிறேன். நேர்கோடுதானே?" என்றேன்.

"நேர்கோடா? உனக்கு அது நோட்டுலயே வராதேடா" என்றார் அம்மா.

அந்த மெஷின் 1979-ல் அப்பா தவணையில் வாங்கியது. கறுப்பு உடம்பு, கழுத்தில் தங்கப் பூவேலை, காலால் மிதிப்பது. ஐந்து வயதில் அதன் சக்கரத்தில் விரலைக் கொடுத்தேன். அதோடு எங்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. நாற்பது வருஷம் கழித்து உறவைப் புதுப்பிக்கப் போனால், அது எதையும் மறக்கவில்லை.

"மொதல்ல நூல் கோக்காம, வெறும் பேப்பரை வச்சு மிதிச்சுப் பழகு" என்றார் அம்மா. பேப்பர் தைப்பவனா நான்? நேரே துணியை வைத்து மிதித்தேன். சக்கரம் என் பக்கமாகச் சுற்றவேண்டும். அது பின்பக்கமாகச் சுற்றியது. நூல் அறுந்தது. திரும்பக் கோத்து மிதித்தேன், திரும்பவும் பின்பக்கம். சைக்கிளில் பின்பெடல் போட்டால் சைக்கிளாவது சும்மா இருக்கும். இது பழிவாங்கியது. சாயங்காலத்துக்குள் ஒரு நூல்கண்டு காலி. தையல் போட்டது நான்கு விரற்கடை. மறுநாள் பாத்ரூமுக்குக் கூடக் குதிகாலை ஊன்றாமல் போய்வந்தேன்.

வலிக்கும் காலை நீட்டிப்போட்டுக்கொண்டு, இதைக் கண்டுபிடித்த மகராசன் யார் என்று படிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் மனசுக்கு இதமான ஒரு செய்தி தெரிந்தது. தையல் மெஷினின் வரலாறு மேதைகளின் வரலாறே இல்லை. என்னைப் போன்றவர்கள் வரிசையாகச் சொதப்பிய வரலாறு.

பார்த்தெலமி திமோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தொழிலில் தையல்காரர். மரத்தால் ஒரு மெஷின் செய்து 1830-ல் காப்புரிமை வாங்கினார். அது போட்டது ஒற்றை நூல் சங்கிலித் தையல். அரிசி மூட்டை வாயில் இருக்குமே, சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று மொத்தமும் பிரிந்து வருமே, அந்தக் குடும்பம். அதை வைத்து அவர் தைக்க எடுத்துக்கொண்டது பிரெஞ்சு ராணுவத்துக்கு உடுப்பு. போர்க்களத்தில் எவனாவது எதிரி அந்த நுனியைக் கண்டுபிடித்திருந்தால் ஐரோப்பிய வரலாறே அம்மணமாகியிருக்கும். எதிரிக்கு வேலை வைக்காமல் உள்ளூர்க்காரர்களே முந்திக்கொண்டார்கள். பிழைப்பு போய்விடும் என்று பயந்த தையல்காரர்கள் பட்டறைக்குள் புகுந்து, சுமார் எண்பது மெஷின்களை உடைத்துப் போட்டார்கள். மனுஷன் 1857-ல் ஏழையாகவே செத்துப்போனார். அவர்கள் கோபம் பிழைப்புக்காக, என் கோபம் குதிகாலுக்காக. கோபம் கோபம்தான்.

இரண்டாம் வாரம் ஊசி உடைந்தது. புது ஊசியை மாட்டினேன். மெஷின் ஜோராக ஓடியது. துணியில் ஓட்டைதான் வரிசையாக விழுந்ததே தவிர, தையல் ஒன்றுகூட விழவில்லை. டெய்லர் பாயைக் கூட்டிவந்தேன். நாற்பது வருஷம் புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தவர். கடைகளையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியபோது கூடவே போனவர். மெஷினை அவர் தொடக்கூட இல்லை. தூர நின்றே பார்த்துவிட்டு, "தம்பி, ஊசிக்கு ஒரு பக்கம் தட்டையா இருக்கும். அதைத் திருப்பி மாட்டியிருக்கீங்க. மூஞ்சியைச் செவுத்துப் பக்கம் திருப்பி வச்சுட்டு பேசுன்னா எப்படிப் பேசும்?" என்றார்.

இந்த ஊசி விஷயத்தில் என்னைவிடப் பெரிய ஆளே தடுமாறியிருக்கிறார். கையால் தைக்கும் ஊசிக்குக் காது பின்னால் இருக்கும். மெஷின் ஊசிக்குக் காது கூர்முனையில். அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் என்பவர் இந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்றார் என்று அவர் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. கனவில் காட்டுவாசி ராஜா ஒருவன், "இன்றைக்குள் மெஷின் செய், இல்லாவிட்டால் தலை போகும்" என்கிறான். கொல்ல இழுத்துப் போகிறார்கள். சுற்றிலும் ஈட்டி. ஒவ்வொரு ஈட்டியின் முனையிலும் ஒரு ஓட்டை! எழுந்து பட்டறைக்கு ஓடினாராம். கதை நிஜமோ பொய்யோ, தலை போகிற நேரத்தில் ஈட்டியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறவன்தான் பொறியாளன். என் கனவிலும் மெஷின் வந்தது. ஊசியை அது கையில் வைத்திருந்தது, ஓடிக்கொண்டிருந்தது நான்.

1845-ல் ஹோவ், பாஸ்டன் நகரத்தில் ஐந்து தையல்காரப் பெண்களோடு பந்தயம் கட்டினார். அவர்கள் ஆளுக்கு ஒரு தையல், அவருக்கு மட்டும் ஐந்து. அவரே ஜெயித்தார். எல்லாரும் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்; யாரும் மெஷின் வாங்கவில்லை. விலை 300 டாலர். போதாக்குறைக்கு, அந்த மெஷின் நேராக மட்டும்தான் தைக்கும். துணியை ஒரு தகட்டில் முள் முள்ளாகக் குத்தித் தொங்கவிட வேண்டும். தகட்டின் நீளம் முடிந்ததும் நிறுத்திவிட்டு மறுபடி குத்தித் தொங்கவிட வேண்டும். திரைச்சீலைக்கு ஓரம் அடிக்கலாம். திண்டுக்கு உறை தைத்திருந்தால் ஹோவும் பாயைக் கூட்டிவந்திருப்பார்.

திண்டு என்றதும் என் தலையணை உறை ஞாபகம் வருகிறது. நான்கு பக்கமும் பிசிறில்லாமல் அடித்து, வாழ்க்கையிலேயே முதல்முறையாக நேர்கோடு வந்த சந்தோஷத்தில் அம்மாவிடம் நீட்டினேன். அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்குடா. தலகாணி எது வழியா உள்ள போகும்?" என்றார். வாய் வைக்க மறந்திருந்தேன். பிளேடால் ஒரு பக்கத்தைப் பிரித்தேன், துணியையும் சேர்த்து. அடுத்த உறை வாயோடு வந்தது. ஆனால் எழுந்தபோது என் கைலி கூடவே எழுந்துவரவில்லை. அது உறையோடு சேர்ந்து தைபட்டு மெஷினிலேயே தங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் கேன் போடுகிற தம்பி கதவைத் திறந்தது விதி.

இனி கதாநாயகன். ஐசக் மெரிட் சிங்கர் என்று பெயர், தொழில் நாடக நடிகர். கம்பெனி கட்டி ஊர் ஊராகப் போய் நடித்தவர். 1850-ல் பாஸ்டனில் ஒரு பட்டறைக்கு வந்தவர், அங்கே பழுதுபார்க்க வந்து குவிந்திருந்த தையல் மெஷின்களைப் பார்த்து, "இப்படி வளைச்சு வளைச்சு ஓடினா எப்படி? ஊசி மேலும் கீழும் போகணும், கீழ்நூல் சுமக்குற ஷட்டில் நேரா போய்வரணும்" என்கிற ரீதியில் பேசியிருக்கிறார். பேசினவன் தலையிலேயே வேலையைக் கட்டுவது உலக வழக்கம். 40 டாலர் கடன், பதினோரு நாள் ராப்பகலாக வேலை.

பதினோராம் நாள் ராத்திரி ஓட்டிப் பார்த்தால் தைக்கவில்லை. வேலையாட்கள் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். நடுராத்திரியில் சிங்கரும் பணம் போட்ட கூட்டாளியும் தொங்கிய முகத்தோடு விடுதிக்கு நடந்தார்கள். வழியில் பலகைக் குவியல் ஒன்றின்மேல் உட்கார்ந்தபோது, "துணியில் நூல் வளையம் வளையமாக நின்றதே, பார்த்தீர்களா?" என்று கேட்டார் கூட்டாளி. சிங்கருக்குப் பொறி தட்டியது. ஊசி நூலுக்கு டென்ஷன், அதாவது இறுக்கம், வைக்கவே மறந்துபோயிருந்தார்! திரும்ப ஓடிப்போய் அதைச் சரிசெய்தார். ஐந்து தையல் சுத்தமாக விழுந்தது. பிறகு நூல் அறுந்தது. அது போதும். இதைச் சொன்னவர் சிங்கரேதான். நடிகர் சொன்ன கதை, நாடகத்துக்குக் கொஞ்சம் தள்ளுபடி கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இதைப் படித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்தின நாள் முழுக்க நான் அழுதுகொண்டிருந்தது இதே வளையத்துக்குத்தான். திரைச்சீலையின் மேல்பக்கம் அழகாகத் தையல். திருப்பினால் அடிப்பக்கம் குருவிக்கூடு. தப்பு கீழே என்று நினைத்து பாபினைக் கழற்றினேன், ஷட்டிலைக் கழற்றினேன், கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றினேன். மாட்டி முடித்தபோது ஒரு ஸ்குரு மிச்சம். பாய் வந்து மேல்நூலை டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே இழுத்துவிட்டார். அவ்வளவுதான். "கீழ சிக்குனா மேல பாருங்க தம்பி. ஆபீஸ்ல வேலை பார்க்குறவரு, உங்களுக்கா தெரியாது?" என்றார்.

சிங்கர் 1851-ல் காப்புரிமை வாங்கினார். இன்னொரு கூட்டாளியான வக்கீல் எட்வர்ட் கிளார்க் 1856-ல் ஒரு வழி கண்டுபிடித்தார்: 5 டாலர் கொடுத்து மெஷினை எடுத்துப் போங்கள், மிச்சத்தை மாதாமாதம் கட்டுங்கள். 1979-ல் எங்கள் தெருவுக்குச் சைக்கிளில் அட்டையோடு வந்த தவணைக்காரருக்கு நியூயார்க்கில் ஒரு தாத்தா இருந்தது எனக்கு இப்போதுதான் தெரியும்.

காசு கொட்டியது. சிங்கர் தையலில் டென்ஷன் வைக்க மறந்தவர், குடும்பத்தில் மறக்கவில்லை. நியூயார்க்கில் ஒரே காலத்தில் பல வீடு. அதில் மூன்று பெண்களுக்கு மேரி என்றே பெயர். தூக்கத்தில் உளறினாலும் ஆபத்தில்லை என்பது திட்டமா, அதிர்ஷ்டமா தெரியாது. 1860-ல் ஒரு மேரியோடு சாரட்டில் போகும்போது இன்னொரு மேரி பார்த்துவிட்டார். நடுத்தெருவில் கூச்சல், குட்டு உடைந்தது. மனுஷன் ஐரோப்பாவுக்குப் போனார். பிறகு இன்னொரு கல்யாணமும் செய்துகொண்டார். எல்லாக் கணக்கும் சேர்த்துப் பிள்ளைகள் இருபதுக்கும் மேலே.

இப்போது 1924-க்கு வாருங்கள். இயந்திரங்கள் எல்லாமே வேண்டாம் என்கிறீர்களா என்று காந்தியிடம் ஓர் இளைஞர் கேட்கிறார். அவர் ஜி. ராமச்சந்திரன், பிற்காலத்தில் திண்டுக்கல் பக்கத்தில் சௌந்தரம் அம்மையாரோடு காந்திகிராமத்தை நிறுவியவர். காந்தி விலக்கு கொடுத்தது தையல் மெஷினுக்கு. மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்துத் தாளாமல், அன்பினால் சிங்கர் செய்த கருவியாம் அது.

மகாத்மாவிடம் யாரும் "எந்த மனைவி?" என்று கேட்கவில்லை.

ஆனால் காந்தி சொன்ன கதை முழுப் பொய்யும் அல்ல, ஆள்தான் மாறிப்போனது. உடம்புக்கு முடியாமல் கிடந்த காலத்தில், மனைவி ராத்திரி உட்கார்ந்து தைக்கும் கையையே பார்த்துக்கொண்டிருந்தவர் என்று சொல்லப்படுவது ஹோவ். பந்தயத்தில் ஜெயித்து வியாபாரத்தில் தோற்றவர். கடைசியில் அவர்தான் சிங்கர்மேல் காப்புரிமைக் கேஸ் போட்டு 1854-ல் ஜெயித்தார். அந்த மனைவி அதற்குள் காலமாகியிருந்தார்.

கேஸிலிருந்து தப்பிக்க சிங்கர் தரப்பு ஒரு வயசாளியைத் தேடிப்பிடித்தது. வால்டர் ஹன்ட். இவர் 1834 வாக்கிலேயே, முனையில் காதுள்ள ஊசி, ஷட்டில், இரண்டு நூல் பின்னிக்கொள்ளும் தையல் என்று எல்லாவற்றையும் செய்துவிட்டு, காப்புரிமை வாங்காமல் மூலையில் போட்டவர். காரணம், பதினைந்து வயது மகள். தையல் பெண்களின் பிழைப்பு போய்விடுமே அப்பா என்றாளாம். அப்பா கேட்டுக்கொண்டார். அதே ஹன்ட் 1849-ல், 15 டாலர் கடனை அடைக்க வழி தேடி ஒரு கம்பியைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தபோது பிறந்ததுதான் ஊக்கு. நாம் சேலையிலும் தாலிச் சரட்டிலும் மாட்டுகிறோமே, அதே ஊக்கு. உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார். தைக்கும் மெஷினைக் கைவிட்ட மனுஷன், தைக்கத் தெரியாதவர்களுக்கு என்று ஒன்றைச் செய்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

என் திரைச்சீலைகள் ஒரு வெள்ளிக்கிழமை ஏறின. யானைப் படம் போட்ட பருத்தித் துணி. மூன்றாவது ஜன்னலில் மட்டும் யானைகள் தலைகீழாக நடந்தன. முதல் துவையல் வரை மற்றபடி குறையில்லை. துணியை வெட்டுமுன் தண்ணீரில் நனைத்துக் காயவைக்க வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தார். நான் நேரத்தை மிச்சம் பிடித்திருந்தேன். துவைத்து மாட்டியதும் மூன்றும் ஜன்னலின் அடிவிளிம்புக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டன, வெள்ளத்தில் இறங்கினவன் வேட்டியைத் தூக்கிப் பிடித்த மாதிரி.

கீழ் மடிப்பைப் பிரித்து இறக்கினேன். நீளம் கிடைத்தது. திரும்ப மடித்துத் தைக்க உட்கார்ந்தபோது குதிகால் "வேண்டாம்" என்றது. அம்மா எதுவும் பேசவில்லை. வளையலில் கோத்து வைத்திருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி நீட்டினார். ஜன்னலுக்கு எட்டு வீதம் இருபத்துநான்கு. போதாததற்கு அண்ணாச்சி கடையில் ஓர் அட்டை வாங்கினேன்.

வருகிறவர்கள் காபி குடித்துக்கொண்டே பார்க்கிறார்கள். "திரை நல்லா இருக்கே, யார் தைச்சது?" என்கிறார்கள்.

"ஹன்ட்னு ஒருத்தர்" என்கிறார் அம்மா.