ஒரகடம் கூட்ரோட்டில் பஸ் ஏறுதல்: ஒரு சம்பிரதாய விசாரணை

பிரயாணத்தைப் பற்றி நூல் எழுதியோர் அனைவரும் புறப்படுதலையும் சென்று சேர்தலையும் விரிவாக வருணித்துவிட்டு, இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதும் கால அளவில் இவ்விரண்டையும் விழுங்கிவிடுவதுமான நிற்றல் என்னும் தொழிலை ஒரு வரியில் கடந்து போயிருப்பது, நம் நாட்டில் ஆராய்ச்சியாவது பெரும்பாலும் உட்கார்ந்து செய்யப்படுவது என்பதைக் காட்டுகிறது. இக்குறையை ஓரளவேனும் நீக்கும் பொருட்டு, சென்னைக்குப் புதியவனாய் வந்து, ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட தொழிற்பேட்டைப் பிரதேசத்தில் பொது வாகனம் ஒன்றில் ஏற விரும்பும் யாத்திரிகனை முன்னிறுத்தி இக்கட்டுரை எழுதலாயிற்று. அவன் ஏறினானா என்பது வேறு வினா; பூர்வபக்ஷங்களை எல்லாம் கேட்டு முடித்த பிறகே அதற்கு வர இயலும்.

முதற்கண் எல்லை. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குப் போகும் சாலையும், சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் சாலையும் ஒன்றையொன்று குறுக்கிடும் இடமே ஒரகடம் கூட்ரோடு. மேலே ஒரு மேம்பாலம், கீழே நான்கு திசை, நான்கிலும் டிரெய்லர் லாரிகள். வடக்கே பெங்களூர் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று ஊர்கள் வரிசைப்பட்டுக் கிடக்கின்றன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உருவாகத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் ஆலை திறக்கப்பட்டது. 2012இல் பாரத்பென்ஸ் லாரியும், 2013இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளும், இவற்றுக்கிடையே அப்போலோ டயரும், 2015 முதல் முழுப் பஸ்ஸுமேகூட இந்த ஒரகடத்து மண்ணில் பிறக்கலாயின. ஆயினும் இங்கே பிறக்கும் வாகனங்களுக்கு இங்கேயே தங்கும் வழக்கம் இல்லை. அவற்றுட் பல டிரெய்லர் மேல் ஏறி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் ஏறிவிடுகின்றன. காருக்கே வாகனம் கிடைத்துவிடுகிற நாட்டில் மனிதனுக்கு மட்டும் அது கிடைக்கத் தாமதிப்பதே இவ்வாராய்ச்சியின் தோற்றுவாய்.

அடுத்து, எந்த ஒரகடம் என்னும் சிக்கல். அம்பத்தூரில் ஓர் ஒரகடம் உண்டு. திருக்கழுக்குன்றத்துக்கு அருகே பழைய சிவன் கோயிலோடு வேறோர் ஒரகடம் உண்டு. கார் செய்யும் ஒரகடம் இவ்விரண்டின் வேறானது. இண்டர்வியூவுக்குப் புறப்பட்ட இளைஞன் ஒருவன், சான்றிதழ் ஃபைலை மார்போடு அணைத்தபடி அம்பத்தூரில் இறங்கி, “அண்ணா, கார் கம்பெனி எந்தப் பக்கம்?” என்று வினவ, வினவப்பட்டவர் அவனை மேலும் கீழும் பார்த்து, “அது தாம்பரம் தாண்டிப் போவணும் தம்பி” என்று இரங்கி உரைப்பது நடக்கக்கூடியதே. ஒரகடத்தை அடுத்துள்ள பண்ருட்டியோ இன்னும் அபாயகரமானது. கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு அப்பெயரை மட்டும் உச்சரித்துவிட்டுக் கண்ணயர்பவன், கடலூர் மாவட்டத்தில் பலாப்பழக் குவியலுக்கு நடுவே விழித்துக்கொள்வான். இவ்வூர்களுள் எது முந்தியது, எது எதற்குப் பெயர் கொடுத்தது என்று புலவர்கள் இன்னும் பல மாநாடுகள் நடத்தலாம், யாத்திரிகனுக்கு வேண்டுவதோ “படப்பை வழியா?” என்னும் ஒரு வினா. கண்டக்டர் தலையசைத்தால் ஏறலாம்.

இனி வாகன வகை. ரயில்: தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடியபோது ஸ்ரீபெரும்புதூரைத் தொடாமல் வடக்கே ஒதுங்கிப் போயிற்று, ஆவடியிலிருந்து இவ்வூர் வழியே கூடுவாஞ்சேரிக்குப் பாதை போடும் யோசனையோ காகிதத்தின் மேல் யோகநித்திரை கொண்டிருக்கிறது. கால்டாக்சி: பணமுள்ளோர்க்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை.

ஷேர் ஆட்டோவானது நிறைந்த பின்பே புறப்படும். நிறைந்தது எப்போது என்பதை ஓட்டுநரே அறிவார். மூவர் அமரும் இருக்கையில் நால்வர் அமர்ந்த பின்னரும் “சார், கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்று அவர் அருளுகையில், ஆகாசத்துக்கு எல்லை இல்லை என்னும் கொள்கை அங்கே நிரூபணமாகிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர் பேசும் இந்தியும், அவர்களோடு ஓட்டுநர் பேசும் இந்தியும் வெவ்வேறு பாஷைகள். ஆயினும் கட்டணம் வாங்கும் இடத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

டவுன் பஸ்ஸைப் பற்றி ஒரு சந்தேகத்தை இங்கேயே தீர்ப்போம். சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்கள் டிக்கெட் இன்றிப் போகலாம் என்பது 2021இல் வந்த ஏற்பாடு. அவ்வண்டிகளை எளிதில் அடையாளம் காணும் பொருட்டு மறு ஆண்டு சென்னைப் பஸ்கள் பலவற்றின் முகத்தில் இளஞ்சிவப்பு வர்ணம் பூசினர். வெளியூர் ஆடவன் அவ்வர்ணத்தைக் கண்டு, இது மகளிர்க்கே உரிய வண்டி போலும் என்று நாணி விலகி நிற்பதுண்டு. அவனும் ஏறலாம்; காசு கொடுக்க வேண்டும், அவ்வளவே.

இனிப் பிரமாண இயல். 1017இல் ஸ்ரீ ராமானுஜர் அவதரித்த ஊர் ஸ்ரீபெரும்புதூர் ஆகையால், பஸ் உண்டு என்பதை நிறுவுதற்கும் அவரது சித்தாந்தம் ஒப்புக்கொண்ட மூன்று பிரமாணங்களையே நாமும் கொள்வது முறை. முதலாவது பிரத்யக்ஷம்: கண்ணால் கண்டால் பஸ் உண்டு. இரண்டாவது அனுமானம்: புகை கண்ட இடத்தில் நெருப்பை ஊகிக்கலாம் என்பர் தார்க்கிகர், கூட்ரோட்டில் புகை கண்ட இடத்தில் டிரெய்லரை மட்டுமே ஊகிக்க முடியும், ஆதலின் இப்பிரமாணம் இங்கே செல்லாது. மூன்றாவது சப்தம், அதாவது ஆப்தர் வாக்கு. கூட்ரோட்டில் ஆப்தர் என்பார் டீக்கடைக்காரர். “அடுத்த பஸ் எப்பண்ணா?” என்று கேட்டால் அவர் இரண்டே வாக்கியங்களில் விடையிறுப்பார்: “இப்பதான் ஒண்ணு போச்சு”, “இதோ வந்துடும்.” இவை இரண்டும் எக்காலத்தும் பொய்யாகா என்பதே இவற்றின் மகிமை. போனது இறந்தகாலம், வருவது எதிர்காலம். ஆகவே பஸ் என்னும் பதார்த்தத்துக்கு நிகழ்காலம் இல்லை என்பது பெறப்பட்டது. (டீக்கடை வாய்மொழி, சாலையைப் பார்த்த பெஞ்சு.) இதனை மறுத்து, நிகழ்காலம் உண்டு, ஆனால் அது எதிர்த் திசையில் போகும் பஸ்ஸுக்கே உரியது என்பார் ஒரு சாரார். (மேம்பாலத் தூண், தென்முகம், மகளிர் விடுதி விளம்பரத்துக்குக் கீழே, நீலப் பேனா.)

இவ்விடத்தில் குருபரம்பரை கூறும் ஒரு செய்தியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இளம் பிராயத்தில் ராமானுஜர் விந்தியக் காட்டில் தனித்து விடப்பட்டபோது, வேடுவத் தம்பதியர் உருவில் வந்து வழிகாட்டியவர்களின் துணையால் ஒரே இரவில் காஞ்சியை அடைந்தார் என்பது அது. அதற்குப் பின் காஞ்சிப் பக்கம் அவ்வளவு துரிதமான சேவை இயக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

நிற்க. இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம். காலை ஷிப்டு, பகல் ஷிப்டு, இரவு ஷிப்டு என்னும் மூன்று சந்திகளிலும் கூட்ரோட்டில் நிற்பவன் காண்பது யாதெனின், பஸ். அதன் பின்னே பஸ். அதன் பின்னும் பஸ். முன் கண்ணாடியில் ஊர்ப் பெயர் எழுதிய அட்டையும், பக்கவாட்டில் கம்பெனிப் பெயரும், ஜன்னலில் திரையும் கொண்டு அவை அணிவகுத்துப் போகின்றன. பஸ் இல்லை என்று நாஸ்திகனும் சொல்லத் துணியான். ஆயினும் யாத்திரிகன் கை நீட்டினால் நிற்பது ஒன்றுமில்லை. போக்குவரத்து நெரிசலால் தற்செயலாக நின்ற ஒன்றின் படியில் அவன் கால் வைத்தால், “ஏறாதீங்க, இது கம்பெனி வண்டி” என்னும் அசரீரி கேட்கிறது. உள்ளதாய் இருந்தும் எனக்கு இல்லாததாய் இருக்கும் இப்பொருளைச் சத் என்பதா, அசத் என்பதா? மேலைநாட்டுப் போக்குவரத்து நூல்கள் இவ்வினாவைக் காணவே இல்லை. நம் ஆசாரியர்கள் கண்டிருக்கிறார்கள்.

ராமானுஜருக்குப் பின், ஜீவன் எவ்வாறு கடைத்தேறுகிறான் என்பதில் அவர் வழியினரிடையே இரு பக்ஷங்கள் தோன்றின. காஞ்சியின் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகரைப் பின்பற்றும் வடகலையார், குரங்குக்குட்டி தன் தாயைத் தானே பற்றிக்கொள்வது போல் ஜீவனும் தன் பங்குக்குச் சிறிதேனும் பற்ற வேண்டும் என்பர். இது மர்க்கட நியாயம். பிள்ளை லோகாசாரியரைப் பின்பற்றும் தென்கலையார், பூனை தன் குட்டியைத் தானே கவ்விச் செல்வது போல் ஈசுவரனே எடுத்துச் செல்வான், குட்டி சும்மா கிடந்தால் போதும் என்பர். இது மார்ஜார நியாயம். இத்தகைய உயர்ந்த விவகாரத்தைக் கூட்ரோட்டுக்கு இழுத்து வருவது அபசாரம் என்று பெரியோர் கருதின், காஞ்சியில் இவ்விரு பக்ஷத்தாரும் கோயில் உரிமைகளைப் பற்றி இதைவிட அற்ப இடமாகிய நீதிமன்றத்துக்கே தலைமுறை தலைமுறையாக இழுத்துப் போயிருக்கிறார்கள் என்பதை நினைந்து எம்மைப் பொறுத்தருள்க.

டவுன் பஸ் மர்க்கட நியாயத்தது. அது உன்னைப் பற்றாது. நீயே அதைப் பற்ற வேண்டும். பற்றும் முறையாவது: இடக்கை ஜன்னல் கம்பியிலும், வலக்கால் கீழ்ப்படியிலும், சாப்பாட்டுப் பை உள்ளே அமர்ந்திருக்கும் முன்பின் அறியாத அம்மையார் மடியிலும் இருத்தல். பையை வாங்கிக்கொள்ளும் அவ்வம்மையார் அதன் உடையவன் முகத்தை நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. டிக்கெட்டுக்கான பணம் ஐந்தாறு கைகள் மாறிக் கண்டக்டரை அடைந்து, டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அவ்வழியே பைசா குறையாமல் திரும்பி வருகின்றன. நம் சமூகத்தின் நேர்மையை அளக்க விரும்பும் பேராசிரியர்கள் கேள்வித்தாள் அச்சிடும் செலவை இதனால் மிச்சப்படுத்தலாம். “உள்ள போங்க, உள்ள காலியாத்தானே இருக்கு” என்னும் கண்டக்டர் வாக்குக்கும் பிரத்யக்ஷத்துக்கும் உள்ள முரண்பாட்டை உரைகாரர் பலவாறு தீர்ப்பர். காலியாக இருப்பது பஸ்ஸின் உள்ளன்று, பிரயாணியின் உள்ளம் என்பது ஒரு பாடம். (பின்படிக்கு அருகே, இரண்டாம் இருக்கையின் முதுகுத் தகட்டில் ஆணியால் கீறியது, இருதயக் குறிக்கு மேலுள்ளது மூலம், கீழுள்ளது இடைச்செருகல் என்பது எம் துணிபு, ஏனெனில் கீழுள்ளதில் ஒற்றுப்பிழை இல்லை. இக்குறி இருதயம் அன்று, ஆலிலை என்பாருடைய கருத்து, அவர் அதை ஜன்னலோர இருக்கையிலிருந்து சாய்வாக நோக்கியதால் விளைந்தது. அவர் வேறொரு பஸ்ஸில் இருந்தார் என்றும் கூறுவர்.)

கம்பெனி பஸ்ஸோ மார்ஜார நியாயத்தது. இருள் பிரியாத வேளையில் உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பிக்கப் பாயிண்டில் நிற்பவனை அது கவ்விக்கொள்கிறது. அவன் ஏறியதும் கண்ணாடியில் தலை சாய்த்து உறங்குகிறான். வளைவுகள், வேகத்தடைகள், சுங்குவார்சத்திரத்து நெரிசல் ஆகிய சம்சார துக்கங்கள் ஒன்றும் அவனைத் தீண்டுவதில்லை. ஆலை வாயிலில் அது அவனைப் பைய இறக்கி வைக்கிறது. இதற்கு அவன் செய்ய வேண்டிய கிரியை ஒன்றுமில்லை. ஆனால் அதிகாரி பேதம் உண்டு. தோளில் சங்கு சக்கரப் பொறி ஏற்றவனே சமாச்ரயணம் பெற்றவனாவது போல், கழுத்தில் அடையாள அட்டை தொங்குபவனுக்கே இவ்வருள் வாய்க்கும். அட்டையைத் தாங்கும் நாடாவின் நிறத்திலும் நுட்பங்கள் உள: நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு நிறம், கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு வேறு நிறம், பயிற்சிக்கு வந்த பிள்ளைக்கு இன்னொன்று. ஒரே இயந்திரத்தின் முன் ஒரே வேலையைச் செய்யும் இருவருக்குக் கழுத்து வர்ணம் இரண்டாய் இருப்பது எங்ஙனம் என்று கேட்டால், மனிதவளத் துறையார், வர்ணபேதம் அனாதி என்று கூறாமல் கூறுவர். வர்ண விவகாரத்தில் ஸ்ரீபெரும்புதூர் ஆசாரியரின் கொள்கை எத்தகையது என்பதை, திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி நின்று ரகசிய மந்திரத்தை எல்லோரும் கேட்க அவர் உரக்கச் சொன்ன கதையை அறிந்தோர் அறிவர். கோபுரத்துக்குப் பதில் இங்கே மேம்பாலம் இருக்கிறது. ஏறிச் சொல்வார் இல்லை.

இவ்விரு நியாயங்களுள் எது பிரபலம் என்பதில் எம் தீர்ப்பு மர்க்கட பக்ஷத்துக்கே. பூனைக்கு நெல்லூர்க்காரனும் தெரியாது, மகனைப் பார்க்கப் பேராவூரணியிலிருந்து வந்த தகப்பனும் தெரியாது; குரங்குதான் வந்தாரை எல்லாம் சுமக்கிறது. எனவே, புதியவன் ஒருவன் இப்பிரதேசத்தில் நடமாட வேண்டுமானால் கூட வேண்டுவது குரங்குகளின் எண்ணிக்கை. பொதுப் போக்குவரத்தின் இன்றியமையாமை பற்றி நட்சத்திர ஓட்டல்களில் நிகழும் கருத்தரங்குகள் இதைக் கண்டுகொள்ளாததற்குக் காரணம், அவற்றின் வாயிலில் நிற்கும் கார்களை நோக்கினால் விளங்கும்.

இனி எஞ்சியது ஒன்றே. இரவு ஷிப்டுக்காரரை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் கம்பெனி வண்டி ஒன்று, கடைசி டவுன் பஸ்ஸைத் தவறவிட்டு நிற்பவன் அருகே, அவன் கை நீட்டாமலே, சில வேளைகளில் தானாக நிற்பதுண்டு. (நிழற்குடையின் அருகே அன்று, அதற்குச் சற்று முன்னே, வேகத்தடை இருக்கும் இடத்தில். நிறுத்தம் என்பது பலகை உள்ள இடம் அன்று, பிரேக் பிடிக்கும் இடம் என்பது இதனால் உணர்த்தப்பட்டது.) “எங்கண்ணா போவணும்?” “தாம்பரம்.” “படப்பை வரைக்கும்தான் போவும், ஏறுங்க.” அட்டை இல்லாதவனை, பற்றாதவனை, கேளாதவனைத் தானே வந்து ஏற்றிக்கொள்ளும் இச்செயலைத் தென்கலையார் நிர்ஹேதுக கிருபை, அதாவது காரணமற்ற கருணை, என்று கொண்டாடுவர். வடகலையார் இதை ஏலாமல், அந்நேரத்தில் அங்கே நின்றதே அவனது முயற்சி என்று சாதிப்பர். இறங்குகையில் ஓட்டுநர் இருபது ரூபாய் வாங்கிக்கொண்டதை இரு பக்ஷத்தாரிடமும் விண்ணப்பித்தபோது, கருணைக்குக் கட்டணம் உண்டா என்பதில் சிறிது மௌனம் நிலவியது. பின்னர் இரு சாராரும் ஒரே குரலில் வினவியது, டிக்கெட் கொடுத்தாரா என்பது. கொடுக்கவில்லை. ஆகையால் அது கட்டணம் அன்று, காணிக்கை என்று முடிவாயிற்று.