மெக்காலேயின் நற்சாட்சிப் பத்திரம்

நம் நாட்டில் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு நூறு வயது நிறைந்தாலும் மலர் ஒன்று வெளியிடுவது சம்பிரதாயம். அம்மலரில் மந்திரிமார்களின் ஆசிச் செய்திகளுக்கும், ஜவுளிக்கடை விளம்பரங்களுக்கும், பழைய தலைமையாசிரியர்கள் வரிசையாக முறைத்துக்கொண்டிருக்கும் புகைப்படங்களுக்கும் அடுத்தபடியாகக் கல்வியைப் பற்றிய கட்டுரை ஒன்று இடம்பெற வேண்டும் என்பதும், அக்கட்டுரை லார்டு மெக்காலேயை நாலு வார்த்தை திட்டாமல் முடியக்கூடாது என்பதும் எழுதப்படாத சட்டங்கள். எங்கள் ஊர்ப் பள்ளியின் மலருக்கு அந்தக் கட்டுரையை எழுதும் பாரம் என் தலையில் விழுந்தது. மெக்காலேயைத் திட்டுவதில் எனக்கு யாதோர் ஆட்சேபமும் கிடையாது; பத்திரமாகத் திட்டலாம், பதில் எழுதமாட்டார்.

மலர்க்குழுத் தலைவர் ஓய்வு பெற்ற தாசில்தார். உத்தியோக காலத்தில் பட்டா, சிட்டா, அடங்கல் மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் எப்பேர்ப்பட்ட பெரிய மனிதரின் மனுவையும் திருப்பி அடித்தவர் என்று பெயர். கைப்பேசி வந்த பிறகு அவர் எதையும் திருப்பி அடிப்பதில்லை; வந்தது வந்தபடி மேலனுப்பி விடுகிறார். அப்படி அவருக்கு வந்து, அவரிடமிருந்து எனக்கும் வந்து, ஊரில் கைப்பேசி வைத்திருக்கும் அனைவருக்கும் ஏககாலத்தில் போய்ச் சேர்ந்த ஒரு மேற்கோளை, கட்டுரையின் நடுவே பூவேலைக் கட்டம் கட்டிப் போட வேண்டும் என்பது அவருடைய ஆக்ஞை.

மேற்கோளின் சாரம் இது. 1835 பிப்ரவரி 2-ஆம் தேதி லார்டு மெக்காலே பிரிட்டிஷ் பார்லிமெண்டில் எழுந்து நின்று, தாம் இந்தியாவைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிப் பார்த்துவிட்டதாகவும், அங்கே ஒரு பிச்சைக்காரனையோ ஒரு திருடனையோ கண்டதில்லை என்றும், இவ்வளவு செல்வமும் சீலமும் படைத்த ஜனங்களை அவர்களுடைய ஆன்மிக முதுகெலும்பை முறித்தாலன்றி ஒருநாளும் ஜயிக்க முடியாது என்றும், ஆகவே அவர்களுடைய புராதனக் கல்விமுறையை அடியோடு மாற்றிவிட வேண்டும் என்றும் பிரசங்கம் செய்தாராம்.

படித்தவுடன் எனக்குப் புல்லரித்தது உண்மை. ஆயினும், தமிழாசிரியனாக முப்பது வருஷம் காலம் தள்ளியவனுக்கு அகச்சான்று, புறச்சான்று என்று தேடும் வியாதி அவ்வளவு எளிதில் விட்டுப்போகாது. இந்தியாவை இனிமேல்தான் ஜயிக்க வேண்டும் என்று 1835-இல் ஒருவர் கவலைப்படுகிறார். திப்பு 1799-இலேயே வீழ்ந்தாயிற்று, பேஷ்வாவின் ராஜ்யம் 1818-இல் போயிற்று. திருடனே இல்லாத அந்த தேசத்தில்தான் பெண்டிங்க் பிரபுவின் சர்க்கார் வழிப்பறித் தக்கர்களை வேட்டையாட ஸ்லீமன் என்ற அதிகாரியை ஏவிவிட்டிருந்தது. போதாக்குறைக்கு, மெக்காலேக்கு லார்டு பட்டம் கிடைத்தது 1857-இல். இருபத்திரண்டு வருஷம் முன்னதாகவே பட்டத்தைச் சூட்டிக்கொண்டு ஒருவர் பார்லிமெண்டில் எழுந்து நின்றால் சபாநாயகர் சும்மா விட்டிருப்பாரா?

ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கும் என் தம்பி மகளிடம் யோசனை கேட்டேன். "பெரியப்பா, யார் சொன்னாங்கன்னு பாக்காதீங்க, எதைப் பாத்துட்டுச் சொன்னாங்கன்னு பாருங்க. ஆயிரம் பேர் ஒரே இடத்துலேர்ந்து காப்பியடிச்சா அது ஒரு சாட்சிதான்" என்று சொல்லி, எங்கெங்கே தேட வேண்டும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். கடைசி வரியில், "ராத்திரி பத்து மணிக்கு மேல் வேண்டாம்" என்று இருந்தது. அந்த ஒரு புத்திமதியைத்தான் நான் கடைப்பிடிக்கவில்லை.

இணையத்து நூலகங்களைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். எங்கள் காலத்தில் ஒரு பழைய புஸ்தகத்தைப் பார்க்க வேண்டுமானால், பட்டணத்துக்கு ரயிலேறிப் போய், சீட்டு எழுதிக் கொடுத்து, மின்விசிறி சுழல்வதை ஒரு மணி நேரம் தரிசித்த பிறகு, கேட்ட புஸ்தகம் பைண்டிங்குக்குப் போயிருக்கிறது என்ற நற்செய்தியைப் பெற்றுக்கொண்டு திரும்புவோம். இப்பொழுதோ, சான்பிரான்சிஸ்கோவில் 1996-இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ், 1998 முதல் தொண்டர்களாலேயே நடந்துவரும் மதுரைத் திட்டம், நம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களுக்கென்றே உள்ள நூலகம், ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கு ஜேஸ்டோர், பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா என்று அத்தனையும் சாய்வுநாற்காலிக்கே வந்து சேவகம் செய்கின்றன. வேஷ்டியோடு உட்கார்ந்து வேண்டியதைக் கேட்கலாம். கேட்பதில்தான் சங்கடம்.

பொது நூலகங்களில் அழிந்துகொண்டிருந்த பல்லாயிரம் புஸ்தகங்களைப் படமெடுத்து ஏற்றிய புண்ணியவான்கள், அவற்றின் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும்போது மட்டும் அவரவர் மனம்போல் எழுதிவிட்டார்கள். 'கழகம்' என்பது ஓரிடத்தில் கலகமாகவும் மற்றோரிடத்தில் கஜகமாகவும் காட்சி தருகிறது. நூலுக்குள்ளே சொல்லைத் தேடலாம் என்றால், படத்திலுள்ள எழுத்தை வாசிக்கும் இயந்திரத்துக்கு ரகரத்துக்கும் காலுக்கும் பேதம் தெரிவதில்லை. 'அரசு' என்று தேடினால், இல்லை என்று சாதிக்கும். 'அாசு' என்று தேடினால் இருநூறு இடத்தில் இருக்கிறது என்று வாரி வழங்கும். இந்த ரகசியத்தைத் தெரிந்துகொண்டவன்தான் இணையத்தில் பண்டிதன்.

அந்தக் கட்டைவிரலையும் நான் மறக்க முடியாது. பழைய கல்விச் சரித்திர நூல் ஒன்றைத் திறந்தேன். முகப்புப் பக்கத்தின் அடியில், பிரசுரமான வருஷம் எங்கே இருக்க வேண்டுமோ சரியாக அங்கே, நகல் எடுத்தவரின் கட்டைவிரல், ரப்பர் உறை மாட்டியபடி, வருஷத்தை மறைத்துக்கொண்டு கம்பீரமாக வீற்றிருந்தது. நகத்தின் பிறையைக்கூட எண்ணிவிடலாம். வருஷத்தை மட்டும் காணோம். பக்கம் 112-க்கும் 117-க்கும் நடுவே ஒன்றுமில்லை. அதற்கு ஈடுசெய்வதுபோல் 118-ஆம் பக்கம் இரண்டு தடவை வந்தது, இரண்டாம் தடவை தலைகீழாக. இருந்தாலும், அந்த விரலுக்கு உடையவர் உட்கார்ந்து ஏட்டைப் புரட்டியிராவிட்டால் அந்த நூலே எனக்குக் கிட்டியிராது என்பதால், திரையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

இந்தப் பாடெல்லாம் எதற்கு, கேட்ட கேள்விக்கு வாய்மூடு முன் பதில் சொல்லும் செயற்கை அறிவு இருக்கிறதே என்று பேரன் தன் கைப்பேசியை நீட்டினான். மெக்காலேயின் பிரசங்கத்துக்கு ஆதாரம் என்ன என்று கேட்டேன். பார்லிமெண்ட் நடவடிக்கைத் தொகுதியின் எண்ணையும் பக்கத்தையும் அக்ஷரசுத்தமாகச் சொல்லிற்று. போய்ப் பார்த்தேன், அந்தப் பக்கத்தில் மெக்காலேயும் இல்லை, இந்தியாவும் இல்லை. இதைச் சொன்னதும், தாங்கள் கூறுவது முற்றிலும் சரி என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அதே நிதானத்தோடு வேறொரு பக்கத்தைக் கொடுத்தது. அங்கேயும் இல்லை, அதற்கும் மன்னிப்புக் கேட்டது. இவ்வளவு விநயமாகப் பொய் சொல்லும் ஜீவனை நான் ஆயுளில் சந்தித்ததில்லை. 2023-இல் நியூயார்க்கில் வக்கீல்கள் சிலர், இதுபோன்றதொரு யந்திரம் கொடுத்த வழக்குத் தீர்ப்புகளை நம்பி மனுவில் சேர்த்துவிட, அப்படிப்பட்ட வழக்குகள் உலகத்திலேயே நடக்கவில்லை என்று கண்ட நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். எனக்கு அபராதமில்லை, அரை ராத்திரித் தூக்கம்தான் போயிற்று.

தாசில்தாரிடம் என் சந்தேகத்தைத் தெரிவித்தபோது அவர் கோபிக்கவில்லை. "ஆராய்ச்சிப் பத்திரிகையிலேயே வந்திருக்கு ஸார்" என்று ஒரு சர்வதேசப் பத்திரிகையின் கட்டுரையை மேலனுப்பினார். பத்திரிகையின் பெயர் இரண்டு வரி நீளம். அதில் 'சர்வதேச' என்பது இரண்டு தடவை வந்தது. இப்படிப்பட்ட பத்திரிகைகளின் யோக்கியதையை அறிவதற்காகப் போஹானன் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே பிழைகளை நிரப்பிய ஒரு பொய் ஆராய்ச்சிக் கட்டுரையை 304 பத்திரிகைகளுக்கு அனுப்பிப் பார்த்ததையும், அவற்றில் பாதிக்குமேல் அதை ஏற்றுக்கொண்டதையும் 2013-இல் 'சயன்ஸ்' வெளியிட்டது. எனவே நான் கட்டுரையை விட்டுவிட்டு அடிக்குறிப்பைப் பிடித்தேன். கட்டுரைக்கு ஆதாரம் ஒரு புஸ்தகம். புஸ்தகத்துக்கு ஆதாரம் ஓர் இணையப் பக்கம். இணையப் பக்கத்துக்கு ஆதாரம், நான் புறப்பட்ட அதே கட்டுரை. பிரதட்சிணம் முடிந்தது, கர்ப்பக்கிருகத்தில் விக்கிரகம் இல்லை.

மணிமேகலையில் அளவைவாதி தன்னுடைய பிரமாணங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கும்போது ஐதிகம் என்ற ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறான். ஊரார் சொல்வதைக் கொண்டு இந்த மரத்தில் பேய் உண்டு என்று தெளிவதுதான் அது. சாத்தனார் காலத்துப் பேய் பாவம், ஒரு மரத்தோடு நின்றது. இப்பொழுது அது குழுவுக்குக் குழு தாவுகிறது, தலையில் 'பலமுறை முன்னனுப்பப்பட்டது' என்ற முத்திரையும் குத்தியிருக்கிறது. அந்த முத்திரை ஓர் எச்சரிக்கை என்பது தாசில்தாருக்குப் பட்டதேயில்லை. பலமுறை அனுப்பப்பட்டிருப்பதால் பலமான ஆதாரம் என்பது அவர் கொண்ட பொருள்.

கடைசியில் மூலங்களுக்கே போனேன். பிரிட்டிஷ் பார்லிமெண்டின் பழைய நடவடிக்கைகளான ஹான்ஸார்ட் முழுவதும் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. 1834 அக்டோபர் 16-ஆம் தேதி பார்லிமெண்ட் மாளிகை தீப்பற்றி எரிந்துபோயிற்று. அவ்வருஷ டிசம்பர் இறுதியில் சபையும் கலைக்கப்பட்டது. தேர்தல் நடந்து புதிய சபை கூடியது 1835 பிப்ரவரி 19-இல். ஆக, பிப்ரவரி 2-ஆம் தேதி நிற்க மண்டபமும் இல்லை, கேட்கச் சபையும் இல்லை. பேசுகிறவராவது இருந்தாரா என்று பார்த்தால், மெக்காலே அப்பொழுது கல்கத்தாவில், கவர்னர் ஜெனரலின் ஆலோசனைச் சபையில் சட்ட அங்கத்தினராக இருந்தார். அவர் மருமான் டிரெவெலியன் 1876-இல் வெளியிட்ட ஜீவிய சரித்திரமும் இணையத்தில் உண்டு. 1834 ஜூனில் நம் சென்னையில்தான் மெக்காலே கரையிறங்கினார். ஊட்டியில் இருந்த பெண்டிங்கைக் காண, ஏறக்குறைய நானூறு மைல் தூரம் ஆட்கள் தோளிலேயே போய்ச் சேர்ந்தார். மழைக்காலம் முழுவதும் அங்கே தங்கிவிட்டுப் பிறகுதான் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார். குறுக்கும் நெடுக்குமாக அவர் கண்ட இந்தியா அவ்வளவே. பல்லக்கின் திரையை விலக்கிப் பார்த்திருந்தால், தம்மைச் சுமந்தவர்களின் செல்வச் செழிப்பை அவரே கண்டிருக்கலாம்.

அந்தத் தேதி மட்டும் கட்டுக்கதை அன்று. அன்றைய தினம் அவர் மெய்யாகவே ஒன்று எழுதினார். அதுதான் பிரசித்தமான கல்விக் குறிப்பு. சர்க்கார் 1920-இல் கல்கத்தாவில் அச்சிட்ட கல்வி ஆவணத் திரட்டில் அது முழுமையாக இருக்கிறது. சமஸ்கிருதமும் அரபியும் தமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட அதே மூச்சில், நல்லதோர் ஐரோப்பிய நூலகத்தின் ஒற்றை அலமாரித் தட்டுக்கு இந்தியா, அரேபியா இரண்டின் இலக்கியமும் சேர்ந்தாலும் ஈடாகாது என்று தீர்ப்பெழுதுகிறார். தமிழ் என்று ஒரு பாஷை உண்டென்றே அவர் கவனித்ததாகத் தெரியவில்லை, இவ்வளவுக்கும் சென்னையில் இறங்கி ஊட்டியில் மாசக்கணக்காகத் தங்கியவர். திட்டுவதற்கு மெய்யான சரக்கு இப்படிக் குவிந்து கிடக்கையில் பொய்யை எதற்காகக் கடன் வாங்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. யோசித்தபோது ஒன்று புலப்பட்டது. மெய்யான குறிப்பில் நமக்கு வசவுதான் உண்டு. பொய்ப் பிரசங்கத்தில் ஸ்தோத்திரம் இருக்கிறது. மெக்காலேயை வைய வேண்டும், ஆனால் நம்முடைய பெருமைக்கு நற்சாட்சிப் பத்திரம் வேண்டுமென்றால் அதில் அவருடைய கையெழுத்துத்தான் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொண்டு தாசில்தார் வீட்டுக்குப் போனேன். அவர் பாஷையிலேயே பேசினேன்: "மூலப் பத்திரம் இல்லாம, நகலுக்கு நகல் காட்டி ஒருத்தன் பட்டா கேட்டா நீங்க குடுத்திருப்பீங்களா?" சற்று நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "நிலம் வேற, தேசபக்தி வேற, ஸார். ஆனா உங்க உழைப்பை நான் மதிக்கிறேன்" என்றார். வீட்டு அம்மாளிடம் எனக்கு இன்னொரு காப்பி கொண்டுவரச் சொன்னார். மறுக்க வேண்டிய காரியத்தைக் காப்பி கொடுத்து மறுப்பது அந்தக் காலத்து உத்தியோகஸ்தர் வழக்கம்.

மலர் வெளிவந்தது. அந்தப் பிரசங்கம் நடைபெறவே இல்லை என்று நிரூபிக்கும் என் கட்டுரை நாலு பக்கமும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் வந்திருந்தது. நடுப்பக்கத்தில், பூவேலைக் கட்டத்துக்குள், தடித்த எழுத்தில் அந்தப் பிரசங்கமும் வந்திருந்தது. பக்கத்தின் தலையில் என் பெயர். யாரோ ஓர் உற்சாகி அந்த ஒரு பக்கத்தை மட்டும் படமெடுத்திருக்கிறார். ஒருநாள் விடியற்காலை அது தாசில்தார் கைப்பேசியிலிருந்து எனக்கே வந்து சேர்ந்தது: மெக்காலேயின் நற்சாட்சி, அடியில் 'ஆதாரம்: நூற்றாண்டு மலர்', அதன்கீழ் என் பெயரும், நான் வாங்காத முனைவர் பட்டமும். கூடவே அவருடைய குரல்பதிவு ஒன்றும் இருந்தது: "இப்பவாவது ஒத்துக்கிறீங்களா, ஸார்? அச்சிலேயே வந்துடுச்சு, அதுவும் உங்க பேர்லேயே!"